அறுகு என்னும் பெயருக்கு உரிய புல்

அருகம்புல்லா, அறுகம்புல்லா? தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊரில் கேட்டாலும் காதில் விழுவது ‘அருகம்பில்லு’. இடையின ரகரம், புல்லுக்குப் பதில் பில்லு. விநாயகர் சதுர்த்தியன்று மாலை கட்டி விற்பவர்களும், காலையில் பூங்கா வாசலில் சாறு விற்பவர்களும் எழுதி வைப்பது ‘அருகம்புல்’ என்றுதான். பழைய நூல்களைத் திறந்தால் வல்லின றகரம் நிற்கிறது: அறுகு, அறுகை. ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தப் பெயர் எந்தப் புல்லுக்கு உரியது, எந்தப் புல்லுக்கு உரியதன்று என்ற கேள்வியில் போய் நிற்போம். எனக்கு அக்கறை அந்தக் கேள்வியில்தான். அறுகு போலவே தோன்றும் புற்கள் நம் வரப்புகளில் பல இருக்கின்றன. அவற்றுள் இரண்டு அதன் உடன்பிறப்புகள்; பூத்த பிறகும் கண்ணை ஏமாற்றக்கூடியவை.

முதலில் எழுத்து. வட தமிழகப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கரையும் கறையும், பரவையும் பறவையும் நம் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுதும்போது மட்டும் பள்ளியில் படித்தது கைகொடுக்கும். தர்மபுரியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கங்களில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். இந்தப் புல்லைக் கன்னடத்தில் ‘கரிகெ’ என்பார்கள், தெலுங்கில் ‘கரிக’ என்பார்கள். அந்த இரு மொழிகளும் றகர எழுத்தையே இன்றைய வழக்கிலிருந்து கழித்துவிட்டவை. ஆக, இந்த மண்ணில் காதுக்குள் விழும் மூன்று மொழிகளில் எதுவும் வல்லின றகரத்தை நினைவூட்டாது. ‘அருகு’ என்று எழுதுவதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

றகரத்துக்குச் சாட்சி வேண்டுமானால் தெற்கே போக வேண்டும். மலையாளத்தில் இதன் பெயர் கறுக. எழுத்திலும் ஒலிப்பிலும் றகரம் உயிரோடு இருக்கிறது. ஈழத் தமிழர் திருமணச் சடங்குகளில் பாலறுகு வைத்தல் என்று ஒன்று உண்டு. நீராட்டுக்கு முன் பாலும் அறுகும் தலையில் வைப்பது அது. வாழ்த்தும்போது இடுவது அறுகரிசி. இரண்டையும் அவர்கள் றகரம் போட்டே எழுதுகிறார்கள். நம் வீடுகளில் அட்சதை என்ற வடசொல் நிற்கும் இடத்தில் அங்கே புல்லின் பெயர் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

றகரம்தான் மூலம் என்று ஒப்புக்கொண்டால் சில விளக்கங்கள் தாமாகவே விழுந்துவிடும். ‘அருகிலேயே படர்ந்து போவதால் அருகு’ என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டிருப்போம். பக்கம் என்று பொருள்படும் அருகு வேறு சொல், அதில் ரகரம். சமணரின் அருகனோடு முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். நுளம்பர் காலத்தில் தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், சமணப் பள்ளிகள் இருந்தன. கன்னடக் கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. ஊரில் அருகனும் இருந்தான், அருகம்புல்லும் இருந்தது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அருகன் என்பது அர்ஹத் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். அதற்கும் புல்லுக்கும் உறவில்லை.

மூன்றாவது விளக்கம் கொஞ்சம் வலுவானது. அறு என்னும் வினை: அறுபடுதல், அறுத்தல். இந்தப் புல்லின் கொடியை எங்கே அறுத்தாலும் அறுந்த ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுத் தனிப்புல்லாகும், அதனால் அறுகு. வயலில் கொத்தோடு நின்றவர்களுக்கு இது உடனே மனசில் படும். இருந்தாலும் பொருள் பொருந்துகிறது என்பதற்காகச் சொல்லின் பிறப்பு அதுதான் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். சங்க நூல்களில் நிற்கும் வடிவம் அறுகை. கறுக, கரிகெ, கரிக என்று அண்டை மொழிகள் மூன்றும் ககரத்தோடு தொடங்குகின்றன. அவற்றை நம் சொல்லோடு ஒரே வேரில் கட்டலாமென்றால், சொல்லின் முதலில் உள்ள ககரம் கெடுவது தமிழுக்கு வழக்கமான மாற்றம் அன்று. சகரம் கெடும், ககரம் நிற்கும். வேர்ச்சொல்லைத் தேடி இன்னும் ஆழத் தோண்டுவதைவிட, இந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. அதற்குச் சான்று நம் கையிலேயே இருக்கிறது.

குறுந்தொகை 256-ஆம் பாட்டில் ஒரு காடு வருகிறது. அங்கே ஆண்மான் தன் பிணையோடு சேர்ந்து அறுகை மேய்கிறது. புலவர் அதைக் கொடி என்கிறார். நீலமணியை ஒழுகவிட்டாற்போலக் கருமையான கொடி, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மென்மையான கிளை. தரையோடு ஓடும் தண்டைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இலையையோ கதிரையோ அவர் பாடவில்லை. அறுகைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அந்தப் பின்னல்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அகநானூறு 136, விற்றூற்று மூதெயினனார் பாடியது, இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அது ஒரு திருமணத்தைச் சொல்லும் பாட்டு. மணப்பெண்ணுக்கு வெண்ணூலில் கோத்துச் சூட்டியவை இரண்டு: வாகையின் கவடுபட்ட இலை, அறுகையின் முளை. அந்த முளை எங்கிருந்து வந்தது என்று புலவர் நிதானமாகச் சொல்கிறார். கன்று மேய்ந்து கறித்த பள்ளம். அதில் அறுகை அடர்ந்திருக்கிறது. இடி முழங்கிப் பெய்த முதல் மழைக்கு அது முளையை ஈன்றது. கழுவிய நீலமணி போல அதன் இதழ் கருமையாக இருந்தது. அந்த முளைக்குப் பாவை என்று பெயர்.

இதை வெறும் அழகுக்காகச் சொன்னதாக நான் படிப்பதில்லை. மேயப்பட்ட நிலம், மேலே ஒன்றும் மிஞ்சாத கோடை, பிறகு முதல் மழை, மண்ணைப் பிளந்துகொண்டு கூர்நுனியோடு வெளிவரும் கருநிற முளை. மண்ணுக்குள்ளே தண்டை வைத்திருக்கிற புல்லால் மட்டுமே இப்படி வர முடியும். விதையிலிருந்து வரும் நாற்று மெலிந்து வெளிர்பச்சையாக இருக்கும். அதை யாரும் நீலமணி என்று சொல்ல மாட்டார்கள், நூலில் கோக்கவும் முடியாது. குறுந்தொகைப் புலவர் தரைமேல் ஓடும் கொடியைப் பார்த்தார். மூதெயினனார் தரைக்கடியில் ஓடும் தண்டின் முளையைப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தால்தான் அறுகு. பின்னால் வரப்போகும் தாவரவியல் கதையில் இந்த இரண்டாவது அடையாளமே தீர்ப்புச் சொல்லப்போகிறது.

அந்தக் காலத்தில் இது ஆளுக்கும் பெயராயிற்று. பதிற்றுப்பத்து ஐந்தாம் பத்தில், பரணர் சேரன் செங்குட்டுவனைப் பாடும்போது, அவனுடைய நண்பனாக அறுகை என்றொரு தலைவன் வருகிறான். அவனுக்காகத்தான் சேரன் மோகூர் மன்னனோடு போர் செய்தான். வேரோடும் புல்லின் பெயரை ஒரு வீரனுக்கு வைத்தவர்கள் அந்தப் புல்லை அற்பமாக நினைக்கவில்லை.

மணமக்களை வாழ்த்தும்போது தழைப்புக்கு ஆலையும் வேரோட்டத்துக்கு அறுகையும் உவமை சொல்கிறோமே, அதிலும் இதே கவனிப்பு இருக்கிறது. ஆலுக்கு விழுது உண்டு, ஆழமான வேரும் உண்டு. ஆனாலும் வேருக்கு ஆலைச் சொல்லவில்லை. வாழ்த்தில் வரும் ‘வேரோடி’ என்ற சொல்லில் ஓடுதல் இருக்கிறது. கிடைமட்டமாக, கணுவுக்குக் கணு, வரப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடுவது. மண்ணுக்குள் வெள்ளையாக, செதில் மூடிக் கிடக்கும் அந்தத் தண்டை நம் ஊரில் வேர் என்றுதான் சொல்வார்கள். தாவரவியல் அதைத் தண்டு என்று திருத்தும், ஏனென்றால் அதில் கணுவும் மொட்டும் உண்டு. வாழ்த்தைத் திருத்த வேண்டியதில்லை.

இனி அந்த உடன்பிறப்புகளைப் பார்க்கலாம்.

1753-இல் லின்னேயஸ் இந்தப் புல்லுக்கு வைத்த பெயர் பானிக்கம் டாக்டிலான். டாக்டிலான் என்பது விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து விரல்போல விரியும் கதிர்களுக்காக. 1805-இல் பெர்சூன் அதைச் சைனோடான் என்ற பேரினத்துக்கு மாற்றினார். சைனோடான் என்றால் நாய்ப்பல். மண்ணுக்குள் ஓடும் தண்டின் மேலுள்ள கூரான, கெட்டியான செதில்களைப் பார்த்து வைத்தது என்பார்கள். நம் புலவர் நீலமணியைக் கண்ட இடத்தில் ஐரோப்பியர் பல்லைக் கண்டிருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே உறுப்பைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தை வரப்பில் குந்தி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவர்கள் இருவர்: கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் தாவரவியலாளர் க. ரங்காச்சாரியார், அவருக்குத் துணையாக இருந்த சி. தாடுலிங்க முதலியார். தென்னிந்தியப் புற்கள் சிலவற்றைப் பற்றிய அவர்களுடைய கையேடு 1921-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியானது. மாணவர்களும் வேளாண் அலுவலர்களும் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகும்படி எழுதிய நூல். அதில் சைனோடான் பேரினத்தில் மூன்று சிற்றினங்களைத் தனித்தனியே விவரிக்கிறார்கள். ஒன்று எல்லோரும் அறிந்த அறுகு, சைனோடான் டாக்டிலான். மற்ற இரண்டுக்கும் அவர்களே பெயர் வைத்தார்கள்: சைனோடான் இன்டர்மீடியஸ், சைனோடான் பார்பெரி.

மூன்றையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். தரையில் ஓடும் கொடி, குட்டை இலை, விரல்விட்ட கதிர். ரங்காச்சாரியார் சொல்லும் வேறுபாட்டுக்குக் கையில் ஒரு கொத்து வேண்டும். இன்டர்மீடியஸில் மண்ணுக்குள் ஓடும் தண்டு கிடையாது. கொடி தரைமேல் ஓடும், கணுவில் வேர்விடும், அவ்வளவுதான். இழுத்தால் வந்துவிடும். இலை சற்று நீளம், மென்மை. கதிர் அறுகைவிட நீண்டு, மெலிந்து, நிமிர்ந்து நிற்காமல் வளைந்து தொங்கும். பார்பெரியிலும் மண்ணடித் தண்டு இல்லை. அதை உறுதியாக அறிய ஒரு சிறுகதிரைக் கிள்ளி உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்: வெளியே மூடும் இரண்டு உமிகளும் அறுகில் குட்டையாக இருக்கும், உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும், பார்பெரியில் உமிகள் நீண்டு உள்ளே இருப்பதை ஏறக்குறைய மறைத்துவிடும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய புல் இது.

இரண்டு பெயர்களின் விதி வேறுவேறாகப் போயிற்று. இன்டர்மீடியஸ் என்று அவர்கள் பிரித்துக் காட்டிய புல்லுக்கு, 1817-லேயே சைனோடான் ரேடியேட்டஸ் என்ற பெயர் ஐரோப்பிய நூலொன்றில் அச்சாகியிருந்தது. தாவரப் பெயர்களில் முந்தியதே நிற்கும் என்பது விதி. அதனால் இன்று இன்டர்மீடியஸ் என்பது இணைப்பெயர் வரிசையில் மட்டும் இருக்கிறது. பிரித்துப் பார்த்த கண் சரியாகவே பார்த்தது, பெயர் நிற்கவில்லை. பார்பெரி நிலைத்துவிட்டது.

அந்தப் பெயருக்குரிய சார்லஸ் ஆல்ஃபிரெட் பார்பர் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்தவர். 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவரும் டி. எஸ். வெங்கடராமனும் ஆலைக்கரும்பைக் காட்டு நாணலோடு இணைசேர்த்துப் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலும் கரும்பும் சக்காரம் என்ற ஒரே பேரினம். அந்த இணைப்பிலிருந்து வந்த கோ 205 வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. புல்லின் உறவுமுறையைச் சரியாகக் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

தர்மபுரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூறு 99-இல் சொல்கிறார். ஒரு புல்லை வெளியிலிருந்து கொண்டுவந்ததை அரசகுலத்தின் புகழாகப் பாடிய பாட்டு அது. அதே மாவட்டத்தில் இன்று பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அந்தக் கரும்புத் தோட்டங்களின் வாய்க்கால் கரையில் படர்ந்திருக்கும் சிறுபுல்லின் உறவினம் ஒன்று, கரும்பு ஆராய்ச்சியாளரின் பெயரைச் சுமக்கிறது.

சைனோடான் மூன்றும் நெருங்கிய உறவு. அவற்றுக்கு அப்பால், விரல்விட்ட கதிரை மட்டும் பார்த்து அறுகு என்று ஏமாறக்கூடிய தூரத்து உறவுகளும் நம் நிலத்தில் நிறைய. ராகி விளையும் மாவட்டம் இது. கேழ்வரகின் கதிரே விரல்கள் மடங்கிய கைதான். அதன் காட்டுச் சொந்தம் திப்பராகி, எலூசின் இண்டிகா. கேழ்வரகின் மரபணுவில் ஒரு பாதி இதன் வழியாக வந்தது என்று கண்டிருக்கிறார்கள். இதில் 18 நிறப்புரிகள், பயிரான கேழ்வரகில் 36. ராகிக் கொல்லையில் திப்பராகி நாற்றாக இருக்கும்போது பழகிய கைகூடத் தடுமாறும். கதிர்விட்ட பிறகு அது அறுகை நினைவூட்டும், ஆனால் அடியைப் பிடித்துப் பார்த்தால் போதும். திப்பராகி கொத்தாக ஓரிடத்தில் நிற்கும், அடித்தண்டு தட்டையாக அமுங்கி வெளுத்திருக்கும், கொடி ஓடாது. காக்காக்கால் புல் இன்னொன்று: கட்டையான கதிர்கள் நான்கைந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மணியில்லாத கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். காக்கையின் காலில் நகம் நீண்டிருப்பதைப் பார்த்து வைத்த பெயர். அந்த நகம் இருந்தால் அறுகு அன்று. கோரையை இங்கே சேர்க்கவே தேவையில்லை. விரலிடையில் தண்டை உருட்டினால் மூன்று பட்டை தெரியும், அது புல்லினமே அல்ல.

ஒரு பெயர் மட்டும் உண்மையிலேயே ஆபத்தானது: வெள்ளறுகு. பேச்சில் வெள்ளருகு. அறுகின் வெள்ளை வகை என்று நினைத்தால் முழுத் தவறு. அது புல்லே இல்லை. எனிகோஸ்டெமா ஆக்சிலேர் என்னும் சிறு செடி, ஜென்ஷியன் குடும்பம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும், இலைக்கக்கத்தில் வெண்ணிறப் பூக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும், வாயில் வைத்தால் கடுங்கசப்பு. சித்த மருத்துவத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. அறுகுச் சாறு குடிக்கச் சொன்னவருக்கு வெள்ளறுகும், வெள்ளறுகு கேட்டவருக்கு அறுகும் போனால் இரண்டு பேருக்கும் மருந்து தவறும். பெயரில் இவ்வளவு நெருங்கி நிற்பவை நிலத்தில் அவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன. நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

இதே புல்லுக்குக் கடல்கடந்தும் வடக்கேயிருந்தும் வந்த பெயர்கள் வேறொரு குழப்பத்தைச் செய்தன. புல்தரை என்ற ஆசை நம் பக்கத்துக்குக் கம்பெனிக்காரர்களோடு வந்தது. 1792-க்குப் பிறகு, தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகாலில், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பிற்காலத்திலும் அந்தத் தோட்டத்தை ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டவர். வட இந்தியாவில் ஆங்கிலேயர் அறுகைத் தூப் என்றார்கள், தூர்வை என்ற வடசொல்லின் திரிபு. குதிரைக்கு அதைவிட நல்ல தீனி இல்லை என்று தேடித் தேடி அறுத்துவரச் செய்தார்கள். தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் அவர்கள் சொன்னது ஹரியாலி. இந்தியில் பசுமை என்று பொருள். நம் அகராதிகள்கூட அறுகுக்கு ஆங்கிலப் பொருளாக இந்த ஹரியாலியைத்தான் கொடுத்தன. தமிழ்ப்பெயரை விளக்க ஒரு தக்காணப் பெயரை ஆங்கிலமாக்கி வைத்த விந்தை.

அமெரிக்காவில் இதற்குப் பெர்முடா என்று பெயர் விழுந்தது. பெர்முடாத் தீவு இதன் தாயகம் இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பழங்காலந்தொட்டுப் பரவிய புல். அந்தப் பெயரோடு அது இப்போது நம் ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு இருந்த ஓசூர் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் கேளுங்கள்: பெர்முடா, செலக்‌ஷன் ஒன், கொரியன் என்று சதுர அடிக் கணக்கில் பாய்போலச் சுருட்டிக் கொடுப்பார்கள். செலக்‌ஷன் ஒன் என்பது அறுகிலேயே மெல்லிலையாகத் தேர்ந்தெடுத்த வகை. பெர்முடா என்பது இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று சாதாரண அறுகு. மற்றொன்று கலப்பினம்.

கலப்பினத்தின் கதை ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் நடந்தது. கிளென் பர்ட்டன் என்ற பயிர்ப்பெருக்க அறிவியலாளர் அறுகையும் தென்னாப்பிரிக்காவின் சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸ் என்ற நுண்ணிலைப் புல்லையும் இணைத்தார். அறுகுக்கு 36 நிறப்புரிகள், அந்த ஆப்பிரிக்கப் புல்லுக்கு 18. பிள்ளைக்கு 27. ஒற்றைப்படையானதால் அது விதை பிடிக்காது. 1960-இல் வெளியிட்ட டிஃப்வே 419 இந்த வகைதான்; உலகத்தின் எத்தனையோ கோல்ஃப் மைதானங்களிலும் கால்பந்துத் திடல்களிலும் விரித்திருப்பது அதுவே. அதன் பெற்றோரில் ஒன்று நம் வரப்பு அறுகின் இனம்.

கொரியன் புல் இந்தக் குடும்பக் கிளையில் சேராது. அது ஸோய்சியா; கார்ல் ஃபான் ஸோய்ஸ் என்ற தாவரவியலாளரின் நினைவாக வைத்த பேரினப் பெயர். அதன் கதிர் விரல்விடாது, ஒற்றைக் குச்சியாக நிமிர்ந்திருக்கும். இலை விறைப்பு, வெறுங்காலில் மிதித்தால் நுனி குத்தும். அதிலும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. மனிலாப் புல் என்று விற்கும் ஸோய்சியா மட்ரெல்லா நம் கடற்கரை மணலில் இயல்பாகவே வளர்வது. பெயரில் ஒன்று கொரியா, ஒன்று மனிலா. புல்லோ நம் கரையில் யாரும் நடாமலே படர்ந்திருக்கிறது.

அலங்காரப் புல்லிலும் இதே கதைதான். வீட்டு முகப்பில் ஊதா நிற இலையும் நரிவால் கதிருமாக நட்டு வைக்கும் ஊற்றுப்புல் பென்னிசெட்டம். அது நம் கம்பின் தங்கை. தாவரவியலார் 2010-ஐ ஒட்டிப் பென்னிசெட்டத்தையே சென்கிரஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அதனால் மேட்டு நிலத்து மேய்ச்சல் கொழுக்கட்டைப் புல்லும் கம்பும் தொட்டியில் நிற்கும் ஊற்றுப்புல்லும் இன்று ஒரே பேரினம். ஆடு மேய்க்கிறவர்கள் கொழுக்கட்டைப் புல்லின் உருண்டைக் கதிரைக் கம்போடு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. அவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பது எதற்கு என்று கேட்டால், விடை உழவில் இருக்கிறது. மஞ்சள் போட்ட கொல்லையிலோ, தக்காளிக்கு ஓட்டிய நிலத்திலோ அறுகு இறங்கிவிட்டால் அதன் தண்டின் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் ஓடும்; சில இழைகள் இன்னும் கீழே போகும். ஈரம் இருக்கும்போது கலப்பை ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புல்லாகும். சித்திரை வெயிலில் கோடை உழவு போட்டுப் புரட்டி, மேலே வந்த தண்டைக் காயவிட்டுப் பொறுக்கி எடுத்தால் அடங்கும். இதை எந்த நூலும் படிக்காமல் நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் வரப்போரத்தில் படர்ந்திருப்பது ரேடியேட்டஸ் என்றால் அவ்வளவு பாடு வேண்டாம். களைக்கொத்தால் கணுவோடு சுரண்டி எடுத்தால் போய்விடும்; மண்ணுக்குள் மறுபடி முளைக்க ஒன்றுமில்லை. களைக்கொல்லி வாங்கப் போகுமுன் ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். வெள்ளைத் தண்டு கிடைத்தால் அறுகு. வேர்க்குச்சு மட்டும் கிடைத்தால் அதன் தம்பி.

வரப்புக்கும் இது பொருந்தும். மழைக்கு வரப்பு கரையாமல் பிடித்து நிறுத்துவது மண்ணடித் தண்டின் வலை. உழவர் வரப்பு அறுகை அடியோடு அழிக்காமல் உள்பக்கம் மட்டும் செதுக்கிவிட்டு வெளிப்பக்கத்தை விட்டுவைப்பார்கள். ரேடியேட்டஸ் படர்ந்த வரப்பு பச்சையாகத் தெரியும், ஆனால் அந்தப் பிடிப்பு அதற்கில்லை.

வீட்டுக்கு முன் புல்தரை போட நினைப்பவர்களுக்கு ஒன்று. பாயாகவோ கணுத்துண்டாகவோ வாங்கினால் அது கலப்பினமாக இருக்க வாய்ப்புண்டு. ஓரத்தைத் தூக்கி அடியில் ஓடும் தண்டைப் பாருங்கள், இலையின் அகலத்தைப் பாருங்கள். டிஃப்வேயில் இலை நூல்போல இருக்கும், கதிர் அரிதாகவே வரும், வந்தாலும் உதிர்க்க விதை இராது. பொட்டலத்தில் ‘பெர்முடா விதை’ என்று எழுதி யாராவது கொடுத்தால் அதில் டிஃப்வே இருக்க முடியாது, ஏனென்றால் அது விதையே வைக்காது. உள்ளே இருப்பது அறுகு விதை. அதையே வேண்டுமென்றால் வாங்கலாம். இல்லையென்றால் பக்கத்து வரப்பில் ஒரு கொத்து மண்ணோடு எடுத்துக் கணுக்கணுவாகப் பிய்த்து ஒரு சாண் இடைவெளியில் நட்டுத் தண்ணீர் விடலாம்.